கோப்பி ஓ, ஆறு முட்டை

வெந்நீர்க் குவளைக்குள் முட்டையை இறக்கும்போது தேநீர்க்கடைக்காரி பஞ்சாலை முட்டையைப் பார்ப்பதில்லை, வானத்தைப் பார்க்கிறாள். சாலைக்கு அந்தப் பக்கம், செம்பனை மரங்களின் தலைக்கு மேலே, எண்ணெய் ஆலையின் புகைபோக்கி நிற்கிறது. அது அன்றைய முதல் இருமலை இருமியதும் முட்டை தண்ணீருக்குள் போகிறது. மூடியைக் கவிழ்க்கிறாள். "ம், தொடங்கிட்டான்லா," என்கிறாள்.

அவள் முட்டை போட்டால் ஆலை முதலாளிக்குக் கோலாலம்பூரில் வியர்க்கும். குளிர்சாதனத்தைப் பதினாறில் வைத்தாலும் அடங்காது. சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். முதலாளி கோலாலம்பூரில் இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் ஆறு முட்டைகள் சேர்ந்து அரசாங்க வரைவு ஒன்றின் ஒரு பத்தியைக் கவிழ்த்தது உண்மை. அதில் ஒரு துளி கலப்படம் கிடையாது. இரண்டு துளி இருக்கலாம்.

கடை இருப்பது புக்கிட் தெராத்தாய் தோட்டத்து முச்சந்தியில். அந்தக் காலத்தில் ரப்பர் பால் எடை போட்ட கொட்டகை. தராசு தொங்கிய கொக்கியில் இப்போது வாழைத்தார் தொங்குகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய் மலிவு விலை வீடு வந்தது; பஞ்சாலையின் ஒட்டுக்கடை மட்டும் எங்கும் போகவில்லை. காலை ஆறு மணிக்குச் சுங்கை காடுட் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் ஏறும் பிள்ளைகள், பழக்குலை வெட்டப் போகும் வங்காளதேசத்து ஆட்கள், ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஐந்து மணிக்கு விழித்துவிடும் என்னைப் போன்றவர்கள் எல்லாரும் அங்கேதான் முதல் வாய் நனைக்கிறோம்.

பஞ்சாலைக்குக் குள்ளமான உருவம். கைலி, அதற்கு மேல் ஏதாவது ஒரு தேர்தலில் கிடைத்த டி-சட்டை. மூன்று தேர்தலின் சட்டைகளை மாற்றி மாற்றிப் போடுகிறாள். "எல்லாக் கட்சியும் பருத்தியிலதான் குடுத்தானுங்க டீச்சர், பாகுபாடு பாக்கப்படாது." கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருக்கும். நாளைக்கு இருநூறு குவளை தேநீர் ஆற்றுகிறாள். தான் குடிப்பது மைலோ மட்டும். கேட்டால், "நான் போடுற தேத்தண்ணிய நானே குடிச்சா நல்லாருக்குன்னு சொல்லிருவேன்லா, அப்புறம் திருந்த மாட்டேன்," என்பாள்.

கணவர் பெயர் அர்ச்சுனன். பஞ்சாலை என்றால் பாஞ்சாலிதான்; பாரதத்துப் பாஞ்சாலிக்கு ஐவர், இவளுக்கு ஒருவர். "இந்த ஒண்ணே அஞ்சு பேருக்குச் சமம்," என்று அவள் சொல்வது புகழ்ச்சியில்லை. இட்டிலி தின்பதில் ஐந்து, குறட்டையில் ஐந்து, எல்லாம் தெரியும் என்று பேசுவதில் ஐம்பது. வேலை செய்வதில் முக்கால். அந்த முக்காலுக்கும் காரணம் உண்டு. அர்ச்சுனனின் நெஞ்சு சரியில்லை. சட்டைப் பையில் நீல நிற ஆஸ்துமா பம்ப் எப்போதும் இருக்கிறது. காற்றில் கரி ஏறும் நாட்களில் அவர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு அதை வாயில் வைத்துக்கொள்வார். அவர் பேச்சு பாதியில் நிற்கும் தருணம் அது ஒன்றுதான்.

அதனால்தான் பஞ்சாலை புகையைக் கவனிக்கத் தொடங்கினாள். அவளுக்கென்று ஓர் அளவுமுறை இருக்கிறது. வெளுப்பாக, கலங்கலாக வந்தால் 'தே சூசூ', பால் விட்ட தேநீர். கொஞ்சம் கறுத்தால் 'தே ஓ', பால் விடாத தேநீர். நன்றாகக் கறுத்தால் 'கோப்பி ஓ', பால் விடாத காப்பி. அதற்கும் மேலே, சூரியனை மறைக்கிற மாதிரி வந்தால் 'கோப்பி ஓ கவ்', அதாவது திக்காகப் போட்டது. நேரத்துக்கு முட்டை. அரைவேக்காட்டு முட்டை அவள் குவளையில் வேக ஐந்து நிமிடம். புகை தொடங்கும்போது ஒன்று உள்ளே போகும். அது வெந்த பிறகும் புகை அடங்கவில்லையென்றால், முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவது. கேட்பார் இல்லாத முட்டைகளை முழுக்க அவித்து மதியத்துக்குச் சம்பல் செய்துவிடுகிறாள். ஆகவே எங்கள் ஊரில் மதியம் முட்டைச் சம்பல் நிறைய இருந்தால், காலையில் ஆலை வரம்பு மீறியிருக்கிறது என்று அர்த்தம். எந்த அதிகாரிக்கும் இப்படி ஒரு கருவி வாய்த்திருக்காது.

எல்லாவற்றையும் எழுதியும் வைப்பாள். தமிழ் நாள்காட்டியின் கிழித்த தாளில், பின்பக்கம்: 'தே ஓ, 1'. 'கோப்பி ஓ, 2'. முன்பக்கம் ராசிபலன்.

போன ஜூலையில் தோட்டத்து மண்டபச் சுவரில் மலாய் மொழியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மாநிலத்தில் பழைய ஆலைகளுக்கான காற்று மாசு விதியைத் திருத்தப் போகிறார்கள், வரைவு தயார், மக்கள் படிவத்திலும் மண்டபத்தில் நடக்கும் கூட்டத்திலும் கருத்துச் சொல்லலாம். வரைவில் எங்களுக்கு முக்கியமானது ஒரே வரி. காலையில் கொதிகலனை மூட்டும்போது கறும்புகை ஐந்து நிமிடம் வரலாம் என்று இருந்ததை, முப்பது நிமிடம் என்று ஆக்கப் பார்த்தார்கள்.

"ஒரு முட்டைய ஆறு முட்டையா ஆக்குறானுங்க," என்றாள் பஞ்சாலை.

அவளுக்கு ஒரு மகள், திலகா. சுங்கை காடுட்டில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள், கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அப்பாவின் நெஞ்சைச் சொல்லி இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறாள். அறிவிப்பைக் கைப்பேசியில் படித்துவிட்டு அன்றே வந்து நின்றாள்.

"மா, முப்பது நிமிஷம் வந்திருச்சுன்னா கடைய மூடிட்டு ரெண்டு பேரும் எங்கிட்ட வந்திரணும். ரூம்ல கட்டில் கூடப் போட்டாச்சு. சத்தியம் பண்ணு."

"உன் வீட்டுப் பக்கம் எத்தன சிம்னிடீ?"

"ஏழாவது மாடிமா. ஜன்னல மூடிக்கலாம்."

"ஜன்னல மூடிக்கிட்டு நான் என்னா பண்ணுவேன்? உங்கப்பாவையே பாத்துக்கிட்டு இருக்கவா?"

ஆனாலும் மகள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அர்ச்சுனன் அப்போது பம்பை வாயில் வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே செய்தாள்.

இனி வருவது அர்ச்சுனனின் பங்கு. அறிவிப்பின் தலைப்பில் 'உலாசான் ஆவாம்' என்று போட்டிருந்தது. பொதுமக்கள் கருத்து என்று பொருள். ஆனால் மலாய் மொழியில் 'உலாஸ்' என்றால் பழத்தின் சுளையும்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டாலும், டுரியான் பழத் தோப்பில் முப்பது வருடம் மலாய் பேசிப் பழகியவர் அர்ச்சுனன். விரலால் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கடைக்கு வந்து அறிவித்தார்:

"சுளை கேக்குறாங்க."

"யாரு?"

"டிபார்ட்மெண்டுலேருந்து. உலாஸ்னா ஒரு சுளை, உலாசான்னா நெறைய. எல்லாரும் அவங்கவங்க உலாசானக் கொண்டாரணும்னு போட்டிருக்கு. டுரியான் சீசன் பாத்துத்தான் கூட்டம் வச்சிருக்கானுங்க."

"லஞ்சம் வாங்குறவன் நோட்டீஸ் ஒட்டியா வாங்குவான், மனுசா?" என்றாள் பஞ்சாலை.

"லஞ்சம்னு யாரு சொன்னா? வெளிப்படையாக் கேக்குறான், வெளிப்படையாக் குடுப்போம். 'பெர்த்தூலிஸ்'னு வேற போட்டிருக்கு. பேர் எழுதித் தரணுமாம்."

'பெர்த்தூலிஸ்' என்றால் எழுத்து வடிவில். இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "டீச்சர், படிச்சவங்க நீங்க. சரிதானே?"

நான் முப்பத்தோரு வருடம் மலாய்ப் பாடமும் நடத்தியவள். தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, "உலாஸுக்குச் சுளை என்று ஒரு பொருள் உண்டுதான்," என்றேன். அது பொய்யில்லை. அகராதியில் இருக்கிறது. மீதியைச் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. இந்த வயதில் வாய்க்கு அவ்வளவு சுதந்திரம் கொடுக்கலாம்.

ஒன்று மட்டும் ஒழுங்காகச் செய்தேன். கருத்துப் படிவத்தைப் பஞ்சாலைக்காக நிரப்பினேன். பெயர், முகவரி, ஆட்சேபம் எல்லாம் வந்துவிட்டது. 'அளவிடப் பயன்படுத்திய முறை' என்ற கட்டத்தில் நின்றோம்.

"முட்டைன்னு எழுதுங்க," என்றாள்.

எழுதினேன். பின்னால் இருநூற்றுப் பன்னிரண்டு நாள்காட்டித் தாள்களை நூலால் கட்டி இணைத்தோம்.

கூட்டத்தன்று மண்டபத்தில் நானூறு பேர். நாற்காலி நாற்பதுதான் என்பதால் மீதி முந்நூற்று அறுபது பேரை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஜன்னல்களை அடைத்துக் குளிர்சாதனம் போட்டிருந்தார்கள். முன்னால் மேசையில் சுற்றுச்சூழல் துறை அதிகாரி ஹேமநாதன். சிரம்பான் பையன், முப்பது வயது இருக்கும், கழுத்துப்பட்டை, வானொலிச் செய்தி மாதிரி தூய தமிழ். பக்கத்தில் ஆலை மேனேஜர். அன்று காலை ஆலை மூச்சே விடவில்லை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அதிகாரிகள் பத்தே முக்காலுக்குக் கிளம்பிவிடுவார்கள், பதினொன்றுக்குக் கொதிகலனை மூட்டலாம் என்று மேனேஜர் சொல்லி வைத்திருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கதவு திறந்தது. அர்ச்சுனன் தலைமையில் ஒரு ஊர்வலம் வந்தது. பன்னிரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்கள், எல்லாம் டுரியான் சுளை, ஒவ்வொரு மூடியிலும் மையால் பெயர், வீட்டு எண். மேசைமேல் வரிசையாக அடுக்கினார்.

"எங்க உலாசான் சார். பெர்த்தூலிஸ் பண்ணியாச்சு."

ஹேமநாதன் டப்பாவைப் பார்த்தார், அர்ச்சுனனைப் பார்த்தார். "ஐயா, உலாசான் என்பது இங்கே தங்கள் கருத்தைக் குறிக்கும்."

"கருத்தா?"

"ஆம் ஐயா. கருத்து."

அர்ச்சுனன் ஒரு கணம்தான் தடுமாறினார். "அதுவும் உள்ளாறதான் இருக்கு. தின்னு பாருங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் டுரியானின் மூக்கைத் துளைக்கும் வாசம் பரவிவிட்டது. மூடிய அறை, குளிர்சாதனம், பன்னிரண்டு டப்பா கிராமத்து டுரியான். சிலர் ஆளுக்கு ஒரு டப்பாவைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஹேமநாதன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்று சுளை தின்றார். ஒன்பதரை மணிக் கூட்டம் தொடங்கவே பத்தே கால் ஆயிற்று.

மேனேஜர் எழுந்தார். ஆலையிலிருந்து வருவது பெரும்பாலும் நீராவி, வெறும் ஆவி என்றார்.

பஞ்சாலை உட்கார்ந்தபடியே கேட்டாள்: "ஆவி என் இட்டிலிச் சட்டியிலயும் வருது சார். வெள்ளையாத்தான் வருது. அதுல கறுப்பு வந்தா இட்டிலி தீஞ்சு போச்சுன்னு அர்த்தம். உங்களுக்குத் தெனமும் தீயுதா?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பதினொன்றாகப் பத்து நிமிடம். அவர் நெற்றியில் வியர்வை. தொடக்கத்தில் வியர்வை பற்றி நான் சொன்னது முழுப் பொய்யில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

வாசம் தாங்காமல் கடைசியில் ஹேமநாதனே சொன்னார்: "ஜன்னல்களைத் திறந்து விடலாமா?"

"வேணாம்!" என்றார் மேனேஜர். அறையில் டுரியானைச் சகித்துக்கொள்ளத் தயாராக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

ஜன்னல்கள் திறந்தன. அந்தப் பக்கம் புகைபோக்கி முதல் இருமலை இருமியது.

பஞ்சாலை எழுந்தாள். மண்டபத்துப் பின்மேசையில் தேநீருக்கு வைத்திருந்த வெந்நீரைக் குவளையில் பிடித்தாள். கைப்பைக்குள்ளிருந்து முட்டை ஒன்றை எடுத்து இறக்கி மூடினாள். ஏன் கைப்பையில் முட்டை என்று ஹேமநாதன் கேட்கவில்லை. அந்தக் காலைப்பொழுதில் அவருக்கு வியப்பு தீர்ந்துவிட்டிருந்தது. தன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளிர்சாம்பலில் தொடங்கிக் கருமை வரை கட்டம் கட்டமாகப் போட்ட அட்டை. புகையின் கறுப்பை ஒப்பிட்டு எண் சொல்வதற்கு. புகைக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடினார்.

"மூன்றாம் எண்," என்றார்.

பஞ்சாலை அவர் தோளுக்குக் கீழே நின்று எட்டிப் பார்த்தாள். "கோப்பி ஓ," என்றாள். பிறகு அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வச்சிருக்கீங்க தம்பி. ஆனா இத வச்சு எவ்ளோ நேரம்னு தெரியாதுல்ல?" என்று அனுதாபத்தோடு திருப்பிக் கொடுத்தாள்.

முதல் முட்டை வெந்தது. ஹேமநாதனுக்குக் கொடுத்தாள். இரண்டாவதைப் போட்டாள். புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மேசைமேலிருந்த வெள்ளைப் படிவங்களில் மிளகுத்தூள் தூவிய மாதிரி கரி விழுந்தது. மூன்றாவது முட்டைக்கு அர்ச்சுனன் பேச்சை நிறுத்திப் பம்பை எடுத்தார். அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். நான்காவதற்குக் குழந்தைகள் வைத்திருந்தவர்கள் வெளியே போனார்கள். ஜன்னலை மூடச் சொன்னார் மேனேஜர்.

"இருக்கட்டும் சார்," என்றாள் பஞ்சாலை. "நீங்க கேட்ட நேரம் இன்னும் முடியல."

வரைவில் முப்பது நிமிடம் என்பது ஒரு வரி. ஒரு மூச்சில் படித்துவிடலாம். அந்த அறையில் அது முப்பது நிமிடமாகவே இருந்தது. ஆறாவது முட்டையைத் துடைத்து, உப்பும் மிளகும் சேர்த்து மேனேஜர் முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை. அவர் வெள்ளைச் சட்டையின் காலரில் கரிக்கோடு விழுந்திருந்தது.

ஹேமநாதன் நாள்காட்டித் தாள்களின் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் படித்தார். இடையில் தன்னை மறந்து ஒரு தாளின் முன்பக்கத்தையும் படித்தார். "கன்னி ராசி. எதிர்பாராத இடத்தில் நல்ல உணவு கிடைக்கும்," என்று வானொலிக் குரலில் வாசித்துவிட்டு, "எனக்குக் கன்னிதான்," என்றார் மெதுவாக. தூய தமிழ் அப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது. "எல்லாத்தையும் எழுதிக்கிறேன்மா. முட்டையையும்."

நவம்பரில் கடிதம் வந்தது. முப்பது நிமிடப் பத்தி நீக்கப்பட்டது. பழைய ஐந்து நிமிடமே தொடரும். நான் படித்துக் காட்டினேன். பஞ்சாலை இரண்டாவது தடவை படிக்கச் சொன்னாள். பிறகு திலகாவைத் தொலைபேசியில் அழைத்து, "அந்தக் கட்டில வித்துரு," என்றாள். திலகா விற்கவில்லை. அது இன்னும் ஏழாவது மாடியில் விரித்தபடியே இருக்கிறது என்று கேள்வி.

இந்தச் சித்திரத்தை எழுதி முடித்ததும், பத்திரிகைக்கு அனுப்புமுன் கடைக்கு எடுத்துப் போய் அவர்களுக்கே வாசித்துக் காட்டினேன். காலை ஆறரை. ஆலை அப்போதுதான் இருமத் தொடங்கியிருந்தது. பஞ்சாலை வாசிப்பைக் கேட்டுக்கொண்டே முட்டையை இறக்கினாள். எனக்கு வாசிக்கும்போது சுற்றிலும் எதுவும் தெரியாது. முந்நூறு பிள்ளைகளுக்கு வாசிப்பதுபோல் குரலை ஏற்றி இறக்கி வாசிப்பேன். (முப்பது பிள்ளைகள்.) கடைசி வரிக்கு வந்தேன். அழகாக எழுதியிருந்தேன்:

"இப்போதெல்லாம் புக்கிட் தெராத்தாயில் காலைப்புகை ஒரே ஒரு முட்டையோடு அடங்கிவிடுகிறது."

நிமிர்ந்து பார்த்தேன்.  பஞ்சாலை கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, அன்றைய தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் தட்டில் வெந்த முட்டைகள் இரண்டு இருந்தன. குவளை மறுபடியும் மூடியிருந்தது.

அர்ச்சுனன் பெஞ்சில் சாய்ந்திருந்தார். வாயில் பம்ப் இருந்ததால் பேச முடியவில்லை. என் தாளைச் சுட்டினார். இல்லை என்று தலையை அசைத்தார். இரண்டு விரலைக் காட்டினார். பிறகு புகைபோக்கியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவது விரலையும் நிமிர்த்தினார்.